பங்காளிச் சண்டை: ஒரகடம் சாலையில் புல்லட், டியூக், ஆர்.எக்ஸ்

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 48-இல் வண்டிக்கு முன்னால் சத்தம் வந்துவிடுகிறது. வரிசை கட்டிய புல்லட்டுகள். முன்னால் ஒரு ‘லீடு’, கடைசியில் ஒரு ‘ஸ்வீப்’, நடுவே புதிதாகச் சேர்ந்தவர்கள். அந்த வரிசையை வலப்பக்கமாக அறுத்துக்கொண்டு ஆரஞ்சு நிற டியூக்குகள் பறக்கின்றன. கொஞ்சம் பின்னால், நீலப்புகை விட்டபடி இரண்டு ஆர்.எக்ஸ் 100. சுங்குவார்சத்திரத்தில் எல்லோரும் டீ குடிக்க நிற்பார்கள். கடை ஒன்றாகவே இருந்தாலும், ஆளுக்கொரு பக்கம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் பார்வை மனிதர் முகத்துக்குப் போகாது, அவர் வந்த வண்டியின் டேங்குக்குத்தான் போகும்.

அதே நேரத்தில் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய கம்பெனி பஸ்கள் ஒரகடம், வல்லம் பக்கம் திரும்புகின்றன. பஸ்ஸைத் தவறவிட்டவர் ஸ்பிளெண்டரிலோ எக்ஸ்.எல்-லிலோ, டிபன் டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து போகிறார். ‘பைக்கர்’ என்ற சொல்லுக்குள் இவரை யாரும் சேர்ப்பதில்லை.

கூட்டத்துக்குக் கூட்டம் இருக்கும் பகை ஊரறிந்தது. அந்தக் கூட்டங்களுக்குள் ஓடும் சலிப்பும் எரிச்சலும் அவ்வளவாக வெளியே வருவதில்லை. ஆசைப்பட்டு வண்டி வாங்கியவர் இரண்டு வருடத்தில் குரூப்பை விட்டு விலகித் தனியாக ஓட்டத் தொடங்குவது சாதாரணமாகிவிட்டது. அதற்குக் காரணங்கள் உண்டு.

ஒரே மண்ணில் பிறந்த வண்டிகள்

இந்தச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் கிடைக்காது. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட் தயாரிப்பு, 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. அதே வல்லம் வடகாலில் யமஹா ஆலையும் இருக்கிறது. புதிய வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஆய்வு மையம் ஒரகடத்தில். நாட்டின் பழைய பந்தயத் தடங்களில் ஒன்று இருங்காட்டுக்கோட்டையில். வண்டி தயாராகும் இடம், சோதிக்கப்படும் இடம், பந்தயம் ஓடும் இடம், போலீஸ் ஓரங்கட்டும் இடம் எல்லாமே ஒரு லிட்டர் பெட்ரோலில் சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள் அடக்கம்.

புல்லட்டைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு 2024-25 நிதியாண்டில் 10 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. அபூர்வமாக இருந்த வண்டி தெருவுக்கு நான்கு என்றானபோது, அதை ஓட்டியவர்களின் தனிப்பெருமைக்கு இடமில்லாமல் போனது. சண்டையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

யாருக்கு யார் மேல் கோபம்

புல்லட் முகாமின் பார்வையில் டியூக் ஓட்டுபவர் பொறுப்பில்லாத சின்னப் பையன். டியூக் முகாமுக்கு புல்லட் என்பது அதிர்ந்து நடுங்கும் பழைய இரும்பு. 2012-இல் கே.டி.எம். 200 டியூக் இந்தியாவுக்கு வந்தபோது, கல்லூரி மாணவர் எட்டிப்பிடிக்கும் விலையில் அத்தனை வேகம் கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த வேகத்துக்கு ஏற்ற பயிற்சியைத் தர எந்த ஏற்பாடும் இல்லை. ‘டியூக் பையன்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நாற்பது வயதில் டியூக் வாங்கி, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஆபீஸ் போகிறவரையும் சோதனைச் சாவடியில் அந்தப் பெயர் விடுவதில்லை.

யமஹாவின் ஆர்.எக்ஸ் 100 கதை வேறு. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன 98 சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் அதன் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. நல்ல ஆர்.சி. புக், அசல் பாகங்கள் இருந்தால் புது வண்டி விலையைக்கூடத் தாண்டும். இங்கே எரிச்சல் உள்ளுக்குள்ளேயே. உண்மையில் ஓட்டுபவருக்கும், வாங்கி மூடிவைத்து விலை ஏற்றுபவருக்கும் இடையில்தான் மோதல். வடசென்னைப் பையன் ஆர்.எக்ஸ் ஓட்டினால் ‘புள்ளிங்கோ’. அதே வண்டியை ரீஸ்டோர் செய்து அண்ணா நகர்க்காரர் ஓட்டினால் ‘கலெக்டர்’. வண்டிச் சண்டை என்று சொல்லப்படுவதில் பாதி, யார் எந்த வண்டியில் உட்காரலாம் என்ற பழைய சண்டையே.

அதன் கொடூரமான முனையும் தமிழ்நாட்டில் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே ஒரு பட்டியல் சாதி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியது பொறுக்காமல் ஆதிக்கச் சாதியினர் செய்தது என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். மூன்று பேர் கைதானார்கள். பிராண்டுச் சண்டையை வேடிக்கையாகப் பேசுபவர்கள் இந்த வழக்கையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

புல்லட் முகாமுக்குள்ளேயே உட்சண்டை நான்கைந்து. பழைய இரும்பு என்ஜினும் வலது கால் கியரும் உள்ள வண்டி மட்டுமே புல்லட் என்பது மூத்தவர்கள் கட்சி. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கியர் இடது காலுக்கு வந்தது, செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. பாதிப் பேர் அன்றே முகம் சுளித்தார்கள். 2020-இல் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது 500 சி.சி. என்ஜின் விடைபெற்றது. அடுத்து வந்த புதிய 350 என்ஜினில் நடுக்கம் குறைந்து ஓட்டம் மென்மையானது. புது வண்டிக்காரருக்கு அது வசதி, பழைய ஆட்களுக்கு அதுவே குறை. 2018-இல் 650 இரட்டை சிலிண்டர் வண்டிகள் வந்ததும் ‘நீ 350 தானே’ என்ற புதுப் படிநிலையும் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜாவா மறுபிறவி எடுத்தது. மைசூரில் செய்த பழைய ஜாவா, யெஸ்டிகளைப் பாதுகாத்து வந்தவர்கள் புது ஜாவாக்காரரை இன்றும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நெருப்பை மூட்டியவர்கள்

இந்தப் பகை தானாக வளர்ந்தது போலத் தெரியும். கம்பெனிகள் அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தன. 2017-இல் பஜாஜ் தன் டாமினார் வண்டிக்கு வெளியிட்ட விளம்பரத்தில், தலையில் ஹெல்மெட்டுடன் யானை மேல் உட்கார்ந்து தடுமாறும் ஆட்களைக் காட்டியது. பெயர் சொல்லாவிட்டாலும் யாரைக் குத்துகிறது என்பது குழந்தைக்கும் புரிந்தது. அடுத்த சில மாதங்களுக்கு சிக்னலில் நிற்கும் முன்பின் தெரியாத இருவர் அந்த விளம்பரத்தை வைத்து முறைத்துக்கொண்டார்கள். டாமினார் அதனால் புல்லட்டைச் சாய்த்துவிடவில்லை.

மறுபக்கம், ரசிகர்கள் தாமாக நடத்திய கூடல்கள் கம்பெனி நிகழ்ச்சிகளாக மாறின. புல்லட் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து ‘ரைடர் மேனியா’ என்று நடத்திவந்தன. அதே பெயரில் ராயல் என்ஃபீல்டும் கோவாவில் விழா நடத்தியது. ஒரே பெயருக்கு இரண்டு விழா என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடித்தது. கம்பெனி விழா பின்னர் ‘மோட்டோவெர்ஸ்’ ஆனது. பழைய கிளப்காரர்களின் மனக்குறை எளிமையானது: பாகம் கிடைக்காத காலத்தில் ஒருவருக்கொருவர் கேபிள் கடன் கொடுத்து வளர்த்த உறவு, இப்போது டிக்கெட்டும் டி-ஷர்ட்டுமாக விற்கப்படுகிறது.

உடையும் இறக்குமதிதான். முதுகில் கிளப் பெயர், நடுவில் சின்னம், கீழே ஊர்ப் பெயர் என மூன்று துண்டுகளாகத் தைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க ‘அவுட்லா’ கிளப்புகளுடையது. 1948-இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் அவற்றில் பேர்போனது. அங்கே கீழ்த்துண்டில் ஓர் ஊரின் பெயரைத் தைப்பது அந்த நிலப்பரப்புக்கு உரிமை கோருவதாகும். அதற்காகக் கொலைகள் விழுந்திருக்கின்றன. 1994 முதல் 1997 வரை டென்மார்க், ஸ்வீடன் பக்கம் இரண்டு கிளப்புகளின் சண்டையில் ராணுவ ராக்கெட்டுகள் பாய்ந்தன. 2015 மே மாதம் டெக்சாஸின் வேக்கோ நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் 9 பேர் இறந்தனர். அதே பாணியில் சின்னம் தைத்த தோல் ஜாக்கெட்டை மே மாத வெயிலில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டில் போகும் ஐ.டி. ஊழியருக்கு இந்தச் சரித்திரம் பெரும்பாலும் தெரியாது. சின்னத்தோடு சேர்த்து முறைப்பும் வந்துவிட்டது என்பதுதான் சங்கடம்.

கேப்டன் சொன்னால் மறுபேச்சு இல்லை

குரூப்பை விட்டு விலகுகிறவர்கள் சொல்லும் குறைகள் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இருக்கின்றன. முதல் குறை படிநிலை. ரைடு கேப்டன், மார்ஷல், ‘ப்ராஸ்பெக்ட்’ என்று பதவிகள்; சின்னம் கிடைக்க இத்தனை ரைடு வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. கூட்டமாக ஓட்டும்போது ஒழுங்கு அவசியம்தான். இரண்டு வரிசையாக, ஒருவர் பின்னால் ஒருவர் நேராக வராமல் மாறிமாறி ஓட்டுவது உயிரைக் காக்கும் முறை. ஆனால் டீக்கடையில் யார் முதலில் உட்காருவது என்பதற்கும் அந்த ஒழுங்கு நீளும்போது, வாரம் முழுக்க மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு வெறுத்துப்போகிறது.

அடுத்தது பணம். கவச உடை, கையுறை, பூட்ஸ், பெட்டி, கூடுதல் விளக்கு, போதாததற்கு ஹெல்மெட்டில் பேசும் கருவி. பாதுகாப்புக்குத் தேவையானது எது, சீன் போடத் தேவையானது எது என்று பிரித்துச் சொல்ல யாருமில்லை. புதியவர் பெரும்பாலும் இரண்டாவதை முதலில் வாங்குகிறார். வேகம் மூன்றாவது தலைவலி. பின்தங்கினால் கேலி, கேலிக்குப் பயந்து தன் திறமைக்கு மீறி முறுக்கினால் ஏலகிரி வளைவில் விழுவது உறுதி.

பெண்களுக்கு இன்னொரு அடுக்கு. வண்டி அவருடையதுதானா என்ற சந்தேகம், நிறுத்தும் இடமெல்லாம் அறிவுரை, பின்னாலேயே வந்து போட்டிக்கு இழுக்கும் கூட்டம். 2011-இல் புனேயில் தொடங்கிய ‘பைக்கர்னி’ போன்ற பெண்கள் மட்டுமே உள்ள குழுக்கள் வளர்ந்ததற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை.

சைலன்சர் என்னும் தீராத வழக்கு

எல்லா முகாமும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. புல்லட்டின் ‘டப் டப்’ குறைந்துவிட்டது என்று ஒருவர் மாற்றுகிறார். கியரைக் குறைக்கும்போது பட்டாசு வெடிக்க வேண்டும் என்று இன்னொருவர் மாற்றுகிறார். சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் கேட்ட ரகம் கிடைக்கும், மெக்கானிக் ஷெட்டில் கொஞ்ச நேரத்தில் மாட்டித் தருவார்கள். கடையில் விற்பது கண்ணெதிரே நடக்கிறது, மாட்டிய பின் பிடிபடுவது ஓட்டுபவர்.

175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தயாராகி வெளிவரும்போது அதன் இரைச்சல் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். ஆலையிலும் ஆய்வு மையத்திலும் இத்தனை துல்லியமாக அளந்து வெளியே அனுப்பும் வண்டியை, அதே ஒரகடம் சாலையில் பிடிக்கும்போது பெரும்பாலும் அளவீடு காதுதான். கம்பெனி ஷோரூமிலேயே உதிரியாக வாங்கிய சைலன்சரும் சிக்குகிறது, நிஜமாகவே தெருவை எழுப்பும் சைலன்சர் சில நேரம் தப்பிவிடுகிறது. நியாயமாக ஓட்டுபவரின் கொதிப்பு இங்கே உச்சத்துக்குப் போகிறது.

உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீடு சிக்கலாகும். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் தொழிலாளர் குடும்பங்கள் ஒரகடம், மாத்தூர் பக்கம் ஆயிரக்கணக்கில் வாடகை அறைகளில் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு எந்த பிராண்டின் சத்தம் என்பது பொருட்டல்ல.

▪ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?
(2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்)

சாலையில் பந்தயம் (பிரிவு 189): முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

வண்டி உரிமையாளர் செய்யும் விதி மீறிய மாற்றம் (182-ஏ): 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.

ஒலி, புகை மாசு (190): முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 3 மாதம் உரிமத் தகுதி இழப்பு.

ஹெல்மெட் இல்லாமை (194-டி): ரூ.1,000, 3 மாதம் உரிமத் தகுதி இழப்பு.

சிறுவரிடம் வண்டி கொடுத்தல் (199-ஏ): பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம்; வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து; சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

கேமரா வந்த பிறகு

2023 செப்டம்பர் 17. காஞ்சிபுரத்தைத் தாண்டி தாமல் அருகே, இதே நெடுஞ்சாலையில் யூடியூபர் டிடிஎஃப் வாசனின் சூப்பர் பைக் கவிழ்ந்தது. அவர் கை முறிந்தது. வீலிங் செய்ததாகப் போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்தது. ஜாமீன் மனு விசாரணையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த பைக்கை எரித்துவிட வேண்டும், சேனலை மூடிவிட வேண்டும் என்ற அளவுக்குக் கடுமை காட்டியது. ஓட்டுநர் உரிமம் 2033 அக்டோபர் வரை பத்தாண்டுக்கு ரத்தானது.

வழக்கு ஒருவருடையது, விளைவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் எல்லா ரைடர்களும். கவச உடை போட்டவரைப் பார்த்தாலே ‘யூடியூபா?’ என்று கேட்கும் வழக்கம் வந்தது. பெட்ரோல் பங்க்கில் சின்னப் பையன்கள் சூழ்ந்துகொண்டு ஆக்சிலரேட்டரை முறுக்கிக் காட்டச் சொல்கிறார்கள். மறுத்தால் அதுவும் வீடியோவாகிறது. கேமரா மாட்டிக்கொண்டு வருகிறவர், ஓட்டும்போதே தலைப்பை யோசிக்கிறார். நிதானமாகப் போன நானூறு கிலோமீட்டரை யாரும் பார்ப்பதில்லை, நூலிழையில் தப்பிய நான்கு நொடி லட்சம் பேரைத் தாண்டுகிறது. பிராண்டுச் சண்டையும் அதே சந்தையில் நன்றாக விலைபோகிறது. ‘டியூக் கிட்ட தோத்த புல்லட்’ என்ற தலைப்பு இருந்தால் இரண்டு முகாமும் வந்து திட்டிவிட்டுப் போகும். திட்டினாலும் அது ‘வியூ’ கணக்கில்தான் சேர்கிறது.

சாகிறவர்கள் யார்?

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் நாட்டிலேயே தமிழ்நாடு முதலிடம். 17,884 உயிரிழப்புகளுடன் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

ஒரகடத்தின் ஆபத்து என்னவென்று அந்த வழியில் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்பைச் சுற்றி, விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் டிரெய்லர்கள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், மீடியனை ஒட்டிக் குவியும் மணல், இரவு ஷிப்ட் முடிந்து கண் சொருகும் ஓட்டம். வாரம் ஒரு நாள் வரும் ரைடருக்கு இரண்டு லட்ச ரூபாய் வண்டியும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கவச உடையும் இருக்கின்றன. தினமும் போகும் தொழிலாளிக்கு நூறு சி.சி. வண்டியும், பக்கிள் அறுந்த ஹெல்மெட்டும். மோட்டார் சைக்கிள் கலாச்சாரம் என்று பேசப்படும் எதிலும் இவருடைய குறை இடம்பெறுவதில்லை. தனிப்பாதை, தெருவிளக்கு, லாரிகளுக்கு நிறுத்துமிடம் என்று இவர் கேட்பவற்றை எந்தக் கிளப்பும் தன் கோரிக்கையாக எடுத்ததாகத் தெரியவில்லை. சாலையில் அதிகாரியின் காது வரை போகக்கூடிய குரல் உள்ள கூட்டம் இந்தக் கிளப்காரர்கள்தான். அந்தக் குரலை டியூக்கா புல்லட்டா என்பதில் செலவழிப்பது வீண்.

பிராண்டுகளைத் தாண்டி இந்தப் பகுதியில் ஒரு கூட்டு நடந்ததுண்டு. 2018 செப்டம்பரில் யமஹா ஆலையில் தொழிற்சங்கம் அமைக்க முன்னின்ற இருவரை மீண்டும் வேலைக்குச் சேர்க்கக் கோரி வேலைநிறுத்தம் தொடங்கியது. அதே நாட்களில் ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். சாலையில் முறைத்துக்கொள்ளும் இரண்டு பெயர்களின் ஆட்களும் ஒரே மாதத்தில், ஒரே தொழிற்பேட்டை வட்டாரத்தில் கோஷமிட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழுக்களில் அது பேச்சாகவில்லை, புக் செய்த வண்டி எப்போது வரும் என்ற விசாரிப்பைத் தவிர.

ஓட்டிப் பார்க்க இடம் இருக்கிறது, வழி இல்லை

வேகம்தான் ஆசை என்றால் அதற்கான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்திவந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, விழுந்தால் தூக்க ஆம்புலன்ஸ் நிற்கும். பயிற்சிப் பள்ளிகளும் பொதுமக்கள் தங்கள் வண்டியை ஓட்டும் ‘டிராக் டே’க்களும் அங்கே நடக்கின்றன. ஒருமுறை அங்கே ஓட்டியவர் சாலையில் நிதானமாகிவிடுவார் என்பது பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. தன் திறமையின் உண்மையான அளவு அங்கே தெரிந்துவிடும்.

கட்டணம், தோல் உடை, டயர்த் தேய்மானம் எல்லாம் சேர்ந்து, ஆர்.எக்ஸ் பையனுக்கு அது எட்டாத இடம். அவன் இரவில் வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போகிறான். தடத்திலும் உயிர் போகாமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். அந்த வாரப் போட்டிகள் ரத்தாயின. அத்தனை பாதுகாப்பு உள்ள இடத்திலேயே இது நடக்கும் என்றால், பாதுகாப்பே இல்லாத வெளிவட்டச் சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த கட்டணத்தில் மாதம் ஒரு மாலை, சின்ன வண்டிகளுக்கு மட்டும் தடத்தைத் திறந்துவிட்டால் என்ன என்ற யோசனை ரைடர்களிடம் அடிக்கடி வரும். வட்டாரத்தில் இத்தனை வாகனக் கம்பெனிகள் இருக்கும்போது செலவை ஏற்க ஆள் கிடைக்காது என்று சொல்ல முடியாது.

350-க்கு மேல், 350-க்குக் கீழ்

2025 செப்டம்பர் 22 முதல், ஏற்கெனவே இருந்த ஒரு கோட்டை அரசே ஆழமாக்கியிருக்கிறது. 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, கூடுதல் வரியோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது, 40 ஆக ஏறியது. இதே வட்டாரத்தில் தயாராகும் கிளாசிக்கும் ஹன்டரும் மலிவாக, அதே கம்பெனியின் ஹிமாலயன் 450-யும் 650-களும் சுமையான பக்கம் போயின. 399 சி.சி. உள்ள 390 டியூக்கும், டிரையம்ஃப் ஸ்பீடு 400-உம் அவற்றோடு சேர்ந்துகொண்டன. பரம எதிரிகளாக இருந்த 650-காரரும் 390-காரரும் இப்போது ஒரே வரியைத் திட்டுகிறார்கள். வண்டி மாற்ற நினைப்பவர்கள், ஷோரூம் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, பழைய வண்டிக்கு செயின் ஸ்பிராக்கெட் மாற்றக் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.